சவுத்தீஸிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை: ஆங்கிலேயக் கிராமப்புறத்தில் ஒரு நாள் நெடுநடைக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் தெற்கே வின்செஸ்டர் நகரில் தொடங்கிக் கடலோர ஈஸ்ட்போர்னில் முடியும் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடுநடைப் பாதை 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் நீளமுடையது. 1972இல் திறக்கப்பட்ட அப்பாதையை முழுவதும் நடக்க எட்டு ஒன்பது நாட்கள் பிடிக்கும். அவ்வளவு விடுப்புக் கிடைக்காதவர்களும், நெடுநடை தமக்கு ஒத்துவருமா என்று ஒருமுறை பார்த்துவிட நினைப்பவர்களும் அதன் கடைசித் துண்டை மட்டும் ஒரே நாளில் நடக்கலாம். சவுத்தீஸ் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் இறங்கி, குன்றுகளின் முதுகின் மேலேயே கிழக்கு நோக்கிச் சென்று, ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் இறங்கி உண்டு, பிறகு செவன் சிஸ்டர்ஸ் என்னும் வெள்ளைப் பாறைமுகடுகளின் மீது ஏறி இறங்கி ஈஸ்ட்போர்னை அடையும் இந்த வழி ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இரு முனைகளிலும் ரயில் நிலையம் இருப்பதால் கார் தேவையில்லை.

டவுன்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பள்ளமான நிலம் என்று எண்ணிவிட வேண்டாம். குன்று என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இங்கே டவுன்ஸ் என்றாலே மேட்டுநிலம்தான். அம்மேடுகள் உயரமானவையும் அல்ல. நாள் முழுவதும் நாம் தொடும் மிக உயர்ந்த இடமான ஃபர்ல் பீக்கன் கடல்மட்டத்திலிருந்து 217 மீட்டர்தான். ஆனால் இந்த எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழியின் முதற்பாதியில் ஒரே ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அதன்பின் பாதை சமமாக, மெத்தை போன்ற புல்லின் மேல் செல்கிறது. கால்கள் தாமாகவே வேகமெடுக்கும். கடினமான ஏற்ற இறக்கங்கள் எல்லாம் இருபது கிலோமீட்டரை நெருங்கிய பிறகு, பிற்பகலில், கால்கள் தளர்ந்திருக்கும் வேளையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே காலையில் எவ்வளவு மெதுவாக நடக்க உங்களுக்கு மனம் வருகிறது என்பதைப் பொறுத்தே இந்த நாள் அமையும். இனி நான் சொல்லப்போகும் ஏற்பாடுகளில் பலவும் பிற்பகலுக்காகக் கால்களைச் சேமித்து வைப்பதற்கானவையே.

திசை, பருவம், நேரக் கணக்கு

கிழக்கிலிருந்து மேற்காகவும் இதே வழியை நடக்கலாம். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். இப்பகுதியில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. மரங்களற்ற திறந்த முகடுகளில் நாள் முழுவதும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நடப்பதற்கும், அது முதுகில் கைவைத்துத் தள்ள நடப்பதற்கும் உள்ள வேறுபாடு சில கிலோமீட்டர் நடைக்குச் சமம். அத்துடன், மாலையில் களைத்துச் சேருமிடத்தில் கடைகளும் அடிக்கடி ரயிலும் உள்ள ஒரு நகரம் இருப்பது நல்லது. சவுத்தீஸ் நிலையத்திலோ இரண்டு நடைமேடைகளும் புல்வெளியும் தவிர வேறெதுவும் இல்லை.

ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஜூன் நடுவில் சூரியன் காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. டிசம்பரில் எட்டு மணியை ஒட்டி விடிந்து நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் பகலுக்குள் 29 கிலோமீட்டரையும் முடிக்க முயல்வது, பாறை விளிம்பில் இருட்டில் நடப்பதில்தான் போய் முடியும். மே மாதத்தில் போகிறவர்களுக்குக் கூடுதலாக வானம்பாடிகள் வாய்க்கும்: புல்லிலிருந்து நேர்மேலாக எழும்பிக் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று ஓயாமல் பாடும்.

நேரத்தைக் கணிக்க, வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். இந்த வழியில் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 800 மீட்டர் அளவுக்கு வரும். தொலைவுக்கு 5 மணி 48 நிமிடமும் ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடமும் சேர்த்தால் 7 மணி 8 நிமிடம். நெய்ஸ்மித் தம் கணக்கில் சோறு உண்பதையும், படம் எடுப்பதையும், காலணிக்குள் புகுந்த கல்லை உதறுவதையும் சேர்க்கவில்லை. கால்கள் நாள் முழுக்க ஒரே நிலையில் இருக்கும் என்று வேறு எடுத்துக்கொண்டார். எனவே புதிதாக நடப்பவர்கள் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குச் சவுத்தீஸில் முதல் அடி வைத்தால் மாலை ஆறு மணிக்குப் பாதையின் முடிவை எட்டலாம்.

எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால், லண்டன் விக்டோரியா நிலையத்தில் விடியற்காலையிலேயே ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தின்பின் லூயிஸ் நகரில் இறங்கி, சீஃபோர்டு செல்லும் ரயிலுக்கு மாற வேண்டும். சவுத்தீஸ் சிறிய நிலையமாதலால் அவ்வழியில் ஓடும் எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. முன்தினமே கால அட்டவணையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது இங்கே வழக்கமாதலால், முடிந்தவரை சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய இரவு லூயிஸிலோ, சவுத்தீஸ் நிலையத்துக்கு அருகிலேயே இட்ஃபோர்டு பண்ணையில் உள்ள இளைஞர் விடுதியிலோ தங்கிவிட்டால் இந்த ஓட்டமே வேண்டியதில்லை. பெயர் இளைஞர் விடுதி என்றாலும் எந்த வயதினரும் தங்கலாம்.

வரைபடமும் பாதை உரிமையும்

கைப்பேசியில் வரைபடம் இருக்கட்டும். அதோடு பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசைக் காகித வரைபடம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வழியின் பெரும்பகுதி ஓஎல் 25 என்ற எண்ணுள்ள தாளில் அடங்கும். இவ்வரைபடங்கள் 1:25,000 அளவில் வரையப்பட்டவை. அதாவது தாளில் நான்கு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். தாள் முழுவதும் நீலக் கோடுகள் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருப்பதால், பாதை எத்தனை கட்டங்களைக் கடக்கிறது என்று விரலால் எண்ணியே தொலைவை மதிப்பிடலாம். செம்பழுப்பு நிறத்தில் ஓடும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். சவுத்தீஸுக்குக் கிழக்கே அவை ஒட்டிக்கொண்டு நிற்பதையும், அதன்பின் முகட்டில் விலகி ஓய்ந்துவிடுவதையும், செவன் சிஸ்டர்ஸ் பகுதியில் மீண்டும் மீண்டும் பாதையை வெட்டுவதையும் முதல் நாள் இரவே பார்த்துவைத்தால், மறுநாள் உடலுக்கு எதுவும் திடீரென்று வராது.

கட்ட எண்ணைப் படிக்கக் கற்பது ஐந்து நிமிட வேலை; ஆபத்து நேரத்தில் அதுவே உதவும். ஃபர்ல் பீக்கன் உச்சியின் எண் டிக்யூ 485 059. டிக்யூ என்ற எழுத்துகள் நாட்டின் எந்தப் பெருங்கட்டம் என்பதைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்கள் இடமிருந்து வலமாகவும் அடுத்த மூன்று கீழிருந்து மேலாகவும் எண்ணப்படுபவை. 48 என்ற செங்குத்துக் கோட்டுக்கு வந்து, அடுத்த கோட்டுக்குச் செல்லும் வழியில் பத்தில் ஐந்து பங்கு வலப்புறம் போய், பின் 05 என்ற கிடைக்கோட்டிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு மேலே ஏறினால் அவ்விடம். இந்த ஆறு இலக்கங்கள் உங்களை நூறு மீட்டர் சதுரத்துக்குள் காட்டிக்கொடுக்கும். அவசரத்துக்கு 999 அல்லது 112ஐ அழைத்து இந்த எண்ணைச் சொன்னால் போதும். கடற்பாறைகளை ஒட்டி விபத்து என்றால் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும்.

வயலின் நடுவே, யாரோ ஒருவருடைய ஆட்டு மந்தைக்குள் புகுந்து செல்கிறோமே என்ற தயக்கம் புதியவர்களுக்கு வருவது இயல்பு. இங்கிலாந்தில் பொது வழி என்று பதிவான பாதை தனியார் நிலத்தின் மேல் சென்றாலும் அதில் நடப்பது சட்டப்படி நம் உரிமை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகங்கள் இப்பாதைகளை வரைபடத்தில் பதிந்து வைக்கத் தொடங்கின. வழிகாட்டிக் கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை, நீல அம்பு இருந்தால் குதிரையும் மிதிவண்டியும் வரக்கூடிய பாதை. தேசிய நெடும்பாதை என்பதற்கு அடையாளம் ஓக் கொட்டைச் சின்னம். அன்று முழுவதும் அதைத் தேடிக்கொண்டே நடக்கலாம். உரிமை பாதைக்கு மட்டுமே என்பதால் குறுக்கு வழி என்று பயிருக்குள் இறங்கக் கூடாது. படல்களை, திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். நாம் நல்லெண்ணத்தோடு மூடிவிட்ட படலால் ஒரு மந்தை தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் நிற்க நேரலாம்.

ஆடுகள் தாமே விலகிவிடும். கன்றோடு நிற்கும் பசுக்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நுழையாமல், ஓடாமல், தேவைப்பட்டால் பாதையிலிருந்து விலகிச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். நாயோடு வந்திருந்து பசுக்கள் துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். அவற்றின் குறி நாய்தான்; நாய் ஓடித் தப்பிவிடும்.

உடை, காலணி, பை

பருத்தி உடை நமக்குப் பழகியது, இதமானது. இந்த நடைக்கு மட்டும் அது எதிரி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயாமல், முகட்டுக் காற்று பட்டவுடன் உடலைக் குளிரச் செய்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைய நாளே பாழ். விரைவில் காயும் மெல்லிய செயற்கை இழைச் சட்டை ஒன்று, அதன்மேல் மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கும் மேல் மழையும் காற்றும் புகாத உறை என்று மூன்று அடுக்காக வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் கழற்றியும் முகட்டில் போட்டும் நடப்பதே முறை. வியர்க்கத் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும் என்பது பழகினால்தான் வரும். கோடையிலும் மழையுறையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். வெயிலுக்குத் தொப்பியும் களிம்பும் வேண்டும். சவுத்தீஸ் முதல் ஆல்ஃபிரிஸ்டன் வரை நிழல் என்று சொல்லத்தக்க மரம் இல்லை.

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் இந்த வழிக்குக் கட்டாயமில்லை என்பது என் கருத்து. நன்றாகப் பழகிய, அடிப்புறம் ஆழமான வெட்டுகள் கொண்ட நடைக்காலணி போதும். பழகிய என்ற சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கிறேன்: குறைந்தது ஐம்பது கிலோமீட்டராவது அணிந்து நடந்ததாக இருக்கட்டும். இங்குள்ள தரை சுண்ணப்பாறை. மழை பெய்தால் அதன் மேல்தோல் வழுவழுப்பான வெண்பசையாகி, சோப்பு தேய்த்த தரைபோல் வழுக்கும். வெட்டுகள் தேய்ந்துபோன காலணி இருந்தால் இறக்கங்களில் உட்கார்ந்துதான் இறங்க வேண்டிவரும். கம்பளிக் காலுறை இரண்டு இணை எடுத்து, நண்பகலில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்பே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். நீண்ட இறக்கங்களில் நகம் காலணியின் முனையில் மோதி மோதிக் கருத்துப்போகும்.

சுண்ணப்பாறை தண்ணீரை மேலே நிற்கவிடாமல் கீழே இறக்கிவிடுவதால் முகட்டில் ஓடையோ ஊற்றோ இல்லை. ஆங்காங்கே தென்படும் வட்டக் குட்டைகள் கால்நடைகளுக்காக முன்னாளில் களிமண் இட்டு அமைக்கப்பட்டவை. அந்நீர் நமக்கு ஆகாது. எனவே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு புறப்பட்டு, ஆல்ஃபிரிஸ்டனில் மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். உணவில் இனிப்பும் உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணிக்கு ஒருமுறை உண்ணும்படி கடலை, உலர்ந்த திராட்சை, ரொட்டி, பாலாடைக்கட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இவை தவிரப் பையில் இருக்க வேண்டியவை கொப்புளப் பட்டை, சிறு கத்தரிக்கோல், தலைவிளக்கு, ஊதல், கைப்பேசிக்கு மாற்று மின்கலம். பையின் மொத்த எடை ஆறு கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் சுமக்கிறீர்கள்.

முகட்டின் மேல்

நிலையத்திலிருந்து பாதை கிழக்கே திரும்பி, பண்ணையைத் தாண்டி, ஏ26 நெடுஞ்சாலைக்கு மேலாகக் கடந்து, உடனே இட்ஃபோர்டு குன்றின் மேல் ஏறத் தொடங்குகிறது. அன்றைய முதல் சோதனை இது. உடல் சூடேறியிராத நேரத்தில் 150 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சாக ஏறவேண்டியிருப்பதால், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே ஏறுங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். பாதி ஏறியதும் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் உண்டு: ஊஸ் ஆறு சமவெளியில் வளைந்து கடலை நோக்கிப் போவதும், அதன் மறுகரையில் வட்டக் கோபுரம் கொண்ட சவுத்தீஸ் தேவாலயமும் தெரியும். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் வாழ்ந்த ராட்மெல் கிராமம் அங்கிருந்து நடை தூரம்தான். 1941 மார்ச்சில் அவர் உயிர்நீத்ததும் இந்த ஆற்றில்தான்.

மேலே வந்தபின் வழி தவறுவது கடினம். பெடிங்ஹாம் குன்றின் மேல் நிற்கும் வானொலிக் கோபுரங்களைக் கடந்து, இடப்பக்கம் சமவெளியும் வலப்பக்கம் தொலைவில் கடலுமாக ஆறேழு கிலோமீட்டர் செல்லலாம். இடையிடையே கீழிருந்து செங்குத்தாக ஏறிவரும் வண்டித்தடங்களை இவ்வட்டாரத்தார் பாஸ்டல் என்கிறார்கள்; வரைபடத்தில் அச்சொல்லைக் கண்டால் அங்கே கீழே இறங்கிவிடக் கூடாது என்று புரிந்துகொள்ளுங்கள். மூடுபனி சூழ்ந்த நாளில் நாம் வழி பிசக வாய்ப்புள்ள இடங்கள் இவையே. ஃபர்ல் பீக்கன் உச்சியில் வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் புல் மூடிக் கிடக்கின்றன. இடைவிடாத ஆட்டு மேய்ச்சலால் குட்டையாகவே வைக்கப்பட்ட இந்தப் புல்தரையில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கக்கூடும். அமர்ந்து இளைப்பாறும் பத்து நிமிடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஓரிடம் மட்டும் லேசாகச் சூடேறுவதுபோல் தோன்றினால் உடனே காலணியைக் கழற்றிப் பாருங்கள். தோல் சிவந்திருக்கும், இன்னும் கொப்புளித்திருக்காது. காலை நன்றாகத் துடைத்து, காற்றில் காயவிட்டு, பட்டையின் மூலைகளைக் கத்தரித்து வட்டமாக்கி, சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். மூலைகளை அப்படியே விட்டால் காலுறை அவற்றைச் சுரண்டித் தூக்கிவிடும். நான் முதன்முறை இவ்வழி நடந்தபோது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாமல் விட்டேன். ஆல்ஃபிரிஸ்டனில் காலுறையைக் கழற்றியபோது ஐந்து ரூபாய் நாணய அளவில் நீர் கோத்திருந்தது. அதற்குப் பின் ஐந்து கிலோமீட்டர் நொண்டி நடந்து எக்ஸீட்டில் பேருந்து ஏறினேன். செவன் சிஸ்டர்ஸை நான் பார்க்க அடுத்த ஆண்டு ஆயிற்று.

ஆல்ஃபிரிஸ்டனுக்கு இறங்கும் முன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் பாதம் முன்னால் சறுக்காது. இறக்கத்தில் எட்டி வைக்காமல் முழங்காலைச் சற்று மடக்கிக் குட்டை அடிகளாக வைக்க வேண்டும்.

ஆல்ஃபிரிஸ்டனிலும் எக்ஸீட்டிலும் எடுக்க வேண்டிய முடிவுகள்

பதினொன்றரை மணி அளவில் ஆல்ஃபிரிஸ்டனுக்கு வந்துவிட்டால் நாள் ஒழுங்காகப் போகிறது. மரச்சட்டங்களும் சிக்கிமுக்கிக் கற்சுவர்களும் கொண்ட பழைய வீடுகள் நிறைந்த ஊர். ஆற்றோரப் புல்வெளியில் பதினான்காம் நூற்றாண்டுத் தேவாலயமும், அதன் அருகே கூரை வேய்ந்த பாதிரியார் இல்லமும் உள்ளன. பழைய கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலாக விலைக்கு வாங்கிய கட்டடம் இந்த இல்லம்தான். 1896இல், பத்து பவுண்டுக்கு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இங்கே உட்காராதீர்கள், தசைகள் இறுகிவிடும். மது விடுதிகளில் உணவு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சனிக்கிழமை நண்பகலில் தட்டு வர ஒரு மணி நேரம் ஆகலாம், பிற்பகலில் பல இடங்களில் அடுப்பையே அணைத்துவிடுவார்கள். கொண்டுவந்ததைத் தேவாலயப் புல்வெளியில் உண்டு, கடையில் ஒரு தேநீர் மட்டும் குடிப்பது என் வழக்கம்.

கிளம்பும்போது கவனமாக இருங்கள். குக்மியர் ஆற்றின் மேல் உள்ள நடைப்பாலத்தைக் கடந்ததும் சவுத் டவுன்ஸ் வே இரண்டாகப் பிரிகிறது. இரண்டு கிளைகளிலும் அதே ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். குதிரைகளுக்கும் மிதிவண்டிகளுக்குமான கிளை விண்டோவர் குன்றின் மேலேறி உள்நாட்டு வழியாக ஈஸ்ட்போர்னுக்குப் போகிறது. நமக்கு வேண்டியது வலப்பக்கம் திரும்பி ஆற்றோரமாகவே லிட்லிங்டனை நோக்கிச் செல்லும் நடைபாதை. சமதரையில் ஓடும் இப்பகுதியில், எதிர்க்குன்றின் சரிவில் 1924இல் செதுக்கப்பட்ட வெள்ளைக் குதிரை உருவம் தெரியும். பிறகு ஃபிரிஸ்டன் காட்டின் நிழல், வெஸ்ட்டீன் என்ற குக்கிராமம், அதன் குளத்தை ஒட்டி மரங்களுக்கிடையே ஏறும் நீண்ட படிக்கட்டு. படிகளை எண்ணாதீர்கள். உச்சியில் தாழ்ந்த கற்சுவரைத் தாண்டியதும் குக்மியர் ஆற்றின் பெரிய வளைவுகள் காலடியில் விரியும். அழகாக நெளியும் அந்த நீர் இப்போது ஓடும் ஆறன்று; 1840களில் நேராக வெட்டிய கால்வாயில் ஆற்றைத் திருப்பியபின் தேங்கி நின்றுவிட்ட பழைய தடம்.

கீழே ஏ259 சாலையில் இருப்பது எக்ஸீட். கழிப்பறையும் செவன் சிஸ்டர்ஸ் பூங்காவின் வருகையாளர் மையமும் இங்கே உண்டு. பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் பேருந்துகள் இங்கே நிற்கின்றன. எக்ஸீட்டிலிருந்து இன்னும் 12 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. அதில்தான் அன்றைய ஏற்றத்தில் பாதிக்கு மேல் வருகிறது. கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இங்கே வந்து சேர்ந்தாலோ, முழங்கால் வலித்தாலோ, காற்று நிற்கவிடாமல் தள்ளினாலோ, பேருந்தில் ஏறுங்கள். சாலையைக் கடந்து போன பின் பர்லிங் கேப் வரை இடையில் விலக வழி கிடையாது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஏழு சகோதரிகள்

ஹேவன் பிரௌ, ஷார்ட் பிரௌ, ரஃப் பிரௌ, பிராஸ் பாயிண்ட், ஃபிளாக்ஸ்டாஃப் பாயிண்ட், பெய்லீஸ் ஹில், வென்ட் ஹில் என்று மேற்கிலிருந்து கிழக்காக ஏழு முகடுகள். முதலாவதுதான் உயரம், 77 மீட்டர். நடந்து பார்ப்பவர்கள் எட்டு என்று எண்ணிக் குழம்புவார்கள். ஃபிளாட் ஹில் என்ற சிறு மேடொன்று கணக்கில் சேராமல் இடையே நிற்கிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சில நிமிட ஏற்றம்தான். இறங்கியவுடனே அடுத்தது நிற்பதுதான் களைப்பு. நேராக ஏறாமல் சாய்வாக வளைந்து ஏறுங்கள். ஏற்றத்தின் நடுவே நிற்காமல், உச்சியில் இருபது மூச்சு விடும் அளவுக்கு மட்டும் நின்று தொடருங்கள். நடந்து நடந்து புல் தேய்ந்து வெள்ளையாகத் தெரியும் தடம் ஈரத்தில் வழுக்கும். பக்கத்துப் புல் பிடிமானமாக இருக்கும். பக்கத்துப் புல் என்றால் நிலப்பக்கத்துப் புல்.

பாறை விளிம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடலலை பாறையின் அடியைத் தொடர்ந்து அரிப்பதால் மேற்பகுதி தாங்கலின்றிச் சரிகிறது. விளிம்பில் பச்சைப் புல் தொடர்ந்து தெரிந்தாலும் அதன் கீழே பாறை இல்லாமல் வெறும் மண்விளிம்பு துருத்திக்கொண்டிருக்கலாம்; அதன் மேல் நிற்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. சற்றுத் தள்ளி நின்று அடுத்த முகட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் மட்டுமே புரியும். புல்லில் விளிம்புக்கு இணையாக மெல்லிய வெடிப்பு ஓடினால் அதற்கு அப்பால் உள்ளது விழக் காத்திருக்கிறது என்று பொருள். குறைந்தது ஐந்து மீட்டர் உள்ளே, காற்றடிக்கும் நாளில் இன்னும் உள்ளே நடக்க வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் படம் எடுப்பவர்களை அங்கே கட்டாயம் பார்ப்பீர்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பது அந்த இடம் பத்திரம் என்பதற்குச் சான்று ஆகாது. அதேபோல் கடற்கரையில் இறங்குபவர்கள் பாறைக்கு நேர்கீழே அமரக் கூடாது.

பர்லிங் கேப்பில் கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டும், கடல் ஒவ்வொன்றாக விழுங்கியதில் எஞ்சிய சில வீடுகளும் உள்ளன. இங்கே தேநீர் கிடைத்தால் நல்லது. கிடைக்கும் என்று நம்பிக் கையிருப்பைத் தீர்த்துவிட வேண்டாம். இதற்கு அப்பால் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் மேட்டின் மேல் தெரியும். 1830களில் கட்டப்பட்ட அதைப் பாறை விளிம்பு நெருங்கி வந்துவிட்டதால், 1999இல் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். விளிம்பிலிருந்து விலகி நடக்கச் சொன்னதை நம்பாதவர்களுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டலாம்.

அடுத்து பீச்சி ஹெட்டுக்கான நீண்ட, சலிப்பூட்டும் ஏற்றம். 162 மீட்டர் உயரமுள்ள இப்பாறை பிரிட்டனின் சுண்ணக் கடற்பாறைகளில் மிக உயர்ந்தது. கீழே கடலுக்குள் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் 1902ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் 43 மீட்டர் உயரமுடையது என்றாலும் மேலிருந்து பார்க்கையில் சதுரங்கக் காய் அளவுதான். இந்த ஏற்றத்துக்கென்று ஒரு கைப்பிடி உலர் திராட்சையைக் காலையிலிருந்தே ஒதுக்கி வைத்திருங்கள்.

உச்சியிலிருந்து இறங்கும் பாதை கடைசியில் ஒரு புல்சரிவில் திடீரென்று செங்குத்தாகி, ஈஸ்ட்போர்னின் மேற்கு ஓரத்தில் சாலையைத் தொடுகிறது. சவுத் டவுன்ஸ் வே அங்கே முடிகிறது. களைத்த முழங்காலுக்கு அன்றைய கடினமான நூறு மீட்டர் இந்த இறக்கம்தான். ஊன்றுகோல் இருந்தால் இங்கே எடுங்கள். ரயில் நிலையத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரைச் சாலையில் நடக்க வேண்டும், அல்லது நகரப் பேருந்தைப் பிடிக்கலாம். விக்டோரியாவுக்குப் போகும் ரயிலில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்தபின் எழுந்தால் கால்கள் மரக்கட்டையாகியிருக்கும் என்பதால், ஏறுமுன் நடைமேடையிலேயே கெண்டைக்காலையும் தொடையையும் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். வீடு சேர்ந்ததும் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை படும் இடம், அக்குள் ஆகியவற்றில் உண்ணி கடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுத்தெடுங்கள். பின்வரும் வாரங்களில் அவ்விடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.